தாவும் நாய், கடிக்கும் குட்டி: ஐந்து வழிகளில் எது உங்கள் வீட்டுக்கு?

குட்டி வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகியிருக்கும். முன்னங்கை முழுக்கக் கீறல். வாசல் மணி அடித்தால் எல்லோருக்கும் பதற்றம். வருகிறவர் மேல் அது பாய்வதற்குள் யாராவது ஓடிப் பிடிக்க வேண்டும். அந்தச் சமயத்தில்தான் யோசனைகள் வந்து குவியும். "மூக்கில் ஒரு சுண்டு சுண்டு, ஒரே நாளில் நிறுத்திவிடும்" என்பார் ஒருவர். "திரும்பி நின்றுகொள், கண்டுகொள்ளாதே" என்பார் இன்னொருவர். "ட்ரெயினரிடம் ஒரு மாதம் விட்டு எடு" என்பார் மூன்றாமவர். ஒவ்வொருவரும் தங்கள் நாயிடம் அது பலித்தது என்று அடித்துச் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் நாய் வேறு, அதன் வயது வேறு, அது கடித்த காரணம் வேறு.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "இதை எப்படி நிறுத்துவது?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் எந்த வழியும் பாதியிலேயே நின்றுபோகும். "இதற்குப் பதிலாக அது என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டால் வழிகள் தாமாகவே தரம் பிரிந்துவிடும். நாய்க்கு வெறும் 'வேண்டாம்' புரிவதில்லை. செய்வதற்கு ஒரு வேலை கொடுத்தால் புரிகிறது.

## முதலில், இது எந்தத் தாவல், எந்தக் கடி?

தாவலில் பெரிய மர்மம் இல்லை. ஓநாய்க் குட்டிகள், வேட்டை முடிந்து திரும்பும் பெரிய ஓநாய்களின் வாயோரத்தை நக்கி, அவை விழுங்கி வந்த இரையைக் கக்க வைத்துத் தின்னும். நாய்களிடம் அந்தச் செய்கை வரவேற்பாகத் தங்கிவிட்டது. நம் வாய் உயரத்தில் இருக்கிறது, அதனால் எம்புகிறது. குட்டியாக இருந்தபோது முழங்காலைப் பிடித்து நின்றால் நாம்தான் குனிந்து கொஞ்சினோம், தூக்கிக்கொண்டோம். 3 கிலோவில் கிடைத்த கொஞ்சலை 30 கிலோ ஆன பிறகும் அதே வழியில் கேட்கிறது. அது புதிதாக எந்தத் தப்பும் செய்யவில்லை.

கடியைத்தான் நின்று கவனிக்க வேண்டும். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் கடிகளின் வேர் வேறு வேறாக இருக்கும்.

பொய்க்கடி. விளையாட்டில் வருவது. உடல் தளர்வாக, பின்புறம் தூக்கி, முன்னங்கால்களைத் தாழ்த்தி, வாயைத் திறந்தபடி வரும். குட்டிக்கு 28 பால்பற்கள், ஒவ்வொன்றும் ஊசி. ஏறக்குறைய நான்காம் மாதத்தில் அவை விழத் தொடங்கி, ஆறேழு மாதத்துக்குள் 42 நிரந்தரப் பற்கள் வந்துவிடும். ஈறு குறுகுறுப்பதால் கிடைத்ததையெல்லாம் மெல்லுவது இந்தக் காலத்தில் கூடும். கையையும் காலையும் தேடி வந்து கவ்வுவதற்குப் பெரும்பாலும் விளையாட்டுதான் காரணம். கூடப் பிறந்த குட்டிகளோடு புரளும்போது ஒன்று அழுத்திக் கடித்தால் மற்றது கத்திவிட்டு விலகிவிடும், ஆட்டம் கலைந்துவிடும். எவ்வளவு அழுத்தலாம் என்ற அளவு அங்கேதான் பிடிபடுகிறது. எட்டு வாரத்துக்கு முன்பே தாயிடமிருந்து பிரித்த குட்டிக்கு அந்தப் பாடம் பாதியில் அறுந்திருக்கும். மீதியை நாம்தான் சொல்லித்தர வேண்டும்.

அசதிக்கடி. மாலையிலோ இரவு படுக்கும் முன்போ திடீரென்று பேய் பிடித்தது போல ஓடி, கணுக்காலைக் கவ்வி, துணியைப் பிடித்து இழுக்கும். தூக்கம் போதாத குழந்தை அழிச்சாட்டியம் செய்வதும் இதுவும் ஒன்றுதான். குட்டிகள் நாளின் பெரும்பகுதியைத் தூங்கிக் கழிக்க வேண்டியவை. இந்தக் கடிக்கு மருந்து ஓர் அமைதியான மூலையும் படுக்கையும். இதற்குப் பயிற்சி கொடுக்கப் போய் இன்னும் உசுப்பிவிடுகிறவர்கள் நிறைய.

வலிக்கடி. நேற்றுவரை சாதுவாக இருந்த நாய், காதைத் தொட்டால் அல்லது இடுப்பில் கை வைத்தால் திரும்பிக் கவ்வுகிறதா? காதுப் புண், பல் வலி, மூட்டுத் தேய்மானம் என்று ஏதாவது இருக்கலாம். நடத்தைச் சிக்கல் என்று நிபுணர்களிடம் அனுப்பப்பட்ட நாய்களில், குறைத்து மதிப்பிட்டாலும் ஏறத்தாழ மூன்றில் ஒன்றுக்கு உள்ளே ஒரு வலி இருந்ததாக 2020-இல் வெளியான ஒரு மருத்துவக் கட்டுரை சொல்கிறது. வலிக்கிற உயிருக்குப் பயிற்சி கொடுப்பது கொடுமை.

பயக்கடி, காவல்கடி. உடல் விறைக்கும். கண்ணின் வெள்ளை தெரியும். உதட்டை நக்கிக்கொள்ளும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும், பிறகு உறுமும். சாப்பாட்டுத் தட்டு, எலும்பு, படுக்கை ஆகியவற்றுக்கு அருகில் யாராவது போனால் அசைவற்று நின்றுவிடும். அந்த அசைவின்மைதான் ஆபத்தின் முதல் அறிகுறி.

கீழே வரும் ஒப்பீடு தாவலுக்கும் முதல் இரண்டு கடிகளுக்கும் மட்டும். பின்னிரண்டு கடிகள் மருத்துவரிடம் தொடங்க வேண்டியவை.

## எதை வைத்து எடை போடுவது?

பெரும்பாலானோர் ஒரே ஓர் அளவுகோலை வைத்திருக்கிறார்கள்: எவ்வளவு சீக்கிரம் நிற்கும்? அதுவும் முக்கியம்தான், கை ரத்தம் கசியும்போது பொறுமையைப் பற்றிப் பாடம் எடுக்கக் கூடாது. ஆனால் அதோடு இன்னும் நான்கைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காரணத்தைத் தொடுகிறதா, அல்லது அறிகுறியை மட்டும் மூடி வைக்கிறதா? வீட்டில் எல்லோராலும், ஆறு வயதுப் பிள்ளையும் அறுபத்தாறு வயதுப் பாட்டியும் உட்பட, அதைச் செய்ய முடியுமா? செய்முறையில் தவறினால் என்ன ஆகும்: பலன் இல்லாமல் போகுமா, அல்லது நிலைமை முன்பைவிட மோசமாகுமா? கடைசியாக, மறைந்திருக்கும் செலவு. நேரம், உடல் உழைப்பு, நாய்க்கு உங்கள் மேலிருக்கும் நம்பிக்கை எல்லாம் அதில் அடக்கம்.

நான் அதிக எடை கொடுப்பது தவறினால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு. ஏனென்றால் தவறுவோம். களைத்துப் போய் வீடு திரும்பும் மனிதர்கள் எந்த முறையையும் நூற்றுக்கு நூறு சரியாகச் செய்வதில்லை.

## வழி 1: அதட்டல், சுண்டல், முழங்காலால் தள்ளல்

மூக்கில் தட்டுவது, வாயைப் பொத்திப் பிடிப்பது, தாவும்போது முழங்காலால் நெஞ்சில் இடிப்பது, முகத்தில் தண்ணீர் அடிப்பது, மல்லாக்கப் புரட்டி அமுக்குவது, அதிர்ச்சி தரும் கழுத்துப்பட்டை எல்லாம் இந்தக் குடும்பம்தான்.

இதன் கவர்ச்சி புரிந்துகொள்ளக் கூடியது. அடித்த கணத்தில் கடி நிற்கிறது. அந்த நிம்மதி அடித்தவருக்குக் கிடைக்கும் பரிசு. அதனால் மறுநாளும் கை ஓங்குகிறது. இப்படிப் பார்த்தால் அடி முதலில் பழக்குவது நம்மைத்தான்.

"நாய் உன்னை அடக்கப் பார்க்கிறது, நீ தலைவன் என்று காட்டு" என்ற பேச்சுக்கு ஒரு பூர்வீகம் உண்டு. 1947-இல் ருடால்ஃப் ஷெங்கெல் என்ற ஆய்வாளர் கூண்டில் அடைக்கப்பட்ட ஓநாய்களைக் கவனித்து எழுதியதிலிருந்து அது கிளைத்தது. ஒன்றுக்கொன்று உறவில்லாத ஓநாய்களை ஓரிடத்தில் அடைத்தால் சண்டை வரத்தான் செய்யும். இயற்கையில் ஓநாய்க் கூட்டம் என்பது தாய், தகப்பன், பிள்ளைகள் என்ற குடும்பம்தான் என்று காட்டு ஓநாய்களை நெடுங்காலம் பின்தொடர்ந்த டேவிட் மெக் 1999-இல் விளக்கி எழுதினார். அந்தப் பழைய கருத்தைப் பரப்பியதில் தனக்கும் பங்கு உண்டு என்பதால், அதைத் திருத்துவதில் அவர் மிகவும் முனைப்புக் காட்டினார். ஓநாய்க்கே பொருந்தாத கதையை வைத்துக்கொண்டு மூன்று மாதக் குட்டியை மல்லாக்கப் புரட்டுவதில் நியாயம் எங்கே இருக்கிறது?

எண்களும் இதையே சொல்கின்றன. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக் கால்நடை மருத்துவர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், நடத்தைச் சிக்கலோடு வந்த நாய்களின் உரிமையாளர்களிடம் என்னென்ன முறைகளை முயன்றீர்கள் என்று கேட்டார்கள். நாயை அடித்த அல்லது உதைத்தவர்களில் 43 சதவீதம் பேர், அதற்கு நாய் ஆக்ரோஷமாகத் திருப்பிக் காட்டியதாகச் சொன்னார்கள். மல்லாக்கப் புரட்டி அமுக்கியவர்களில் 31 சதவீதம். கண்ணுக்குக் கண் முறைத்தவர்களில் 30 சதவீதம். போர்ச்சுகலின் போர்ட்டோ நகரில் 92 வீட்டு நாய்களை வைத்து நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், தண்டனை கலந்த பயிற்சி பெற்ற நாய்களுக்குப் பயிற்சிக்குப் பின் எச்சிலில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் கூடுதலாக உயர்ந்திருந்தது; நெருக்கடியின் அறிகுறிகளும் அதிகம் தெரிந்தன. மின்னதிர்ச்சிக் கழுத்துப்பட்டையை வேல்ஸ் 2010-லேயே தடை செய்துவிட்டது.

என் சொந்த அனுபவம் இந்த எண்களுக்கு வெகு காலம் முந்தியது. எங்கள் நாய் மணிக்கு ஏழு மாதம் இருக்கும்போது, பழகிய ஒரு பயிற்சியாளர் முழங்கால் வழியைச் சொல்லிக் கொடுத்தார். நான்கே நாளில் மணி விருந்தாளிகள் மேல் தாவுவதை நிறுத்தினான். எனக்கு ஒரே பெருமை. ஒரு மாதம் கழித்து வாசல் மணி அடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்கினான். இன்னும் சில வாரத்தில் கட்டிலுக்கு அடியிலிருந்து உறுமல் வந்தது. 'தாவினால் இடி விழும்' என்று அவன் கற்றிருப்பான் என்று நான் நினைத்தேன். அவன் கற்றது, 'ஆள் வந்தால் நெஞ்சில் வலிக்கும்.' அந்தப் பயத்தைக் கரைக்க எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

இந்த வழியின் மறைமுகச் செலவு இதுதான். வலியை நாய் எதோடு முடிச்சுப் போடும் என்பது நம் கையில் இல்லை: நம் கையோடு போடலாம், குழந்தையோடு போடலாம். இன்னொரு செலவு, உறுமலை அடித்து அடக்கினால் உறுமல் மட்டும் போய்விடும், அதற்குப் பின்னாலிருந்த பயம் போகாது. அப்புறம் எச்சரிக்கை இல்லாமல் கடி விழும். கொஞ்சம் துடுக்கான குட்டிகளுக்கோ, கையால் தள்ளுவதும் கத்துவதும் ஆட்டத்துக்கு அழைப்பாகவே படும். இன்னும் வேகமாகப் பாயும்.

இது எப்போது நல்ல தேர்வு? ஒரு சூழ்நிலையும் எனக்குத் தெரியவில்லை. ஆபத்தான கணத்தில் ஓங்கிக் கத்திப் பிள்ளையைத் தூக்கிக்கொள்வது இதில் சேராது, அது தற்காப்பு.

## வழி 2: கண்டுகொள்ளாமல் இருப்பது

தாவலுக்குக் கிடைக்கும் பரிசு நம் கவனம். பார்வை, பேச்சு, தொடுகை மூன்றையும் பிடுங்கிவிட்டால் தாவலுக்கு வேலை இல்லாமல் போகும். கொள்கை சரியானது. தாவினால் கைகளைக் கட்டிக்கொண்டு திரும்பி நிற்பது, பல் பட்டால் ஆட்டத்தை அப்படியே நிறுத்திவிட்டு அரை நிமிடம் விலகிப் போவது இரண்டும் இதில் அடங்கும். பின்னது பொய்க்கடிக்கு நன்றாக வேலை செய்யும், கூடப் பிறந்தவை கற்றுத் தந்ததும் அதைத்தானே.

செலவு இரண்டு இடத்தில் ஒளிந்திருக்கிறது. ஒன்று, குறைவதற்கு முன் கூடும். இதுவரை பலித்த ஒன்று திடீரென்று பலிக்காவிட்டால் யாரும் முதலில் இன்னும் பலமாகத்தான் முயல்வார்கள். வராத லிஃப்டின் பொத்தானை நாம் திரும்பத் திரும்ப அழுத்துவது போல. முதல் சில நாளில் தாவல் உச்சத்துக்குப் போகும். பலர் அங்கேதான் மனம் தளர்ந்து கத்திவிடுகிறார்கள். அப்போது நாய் கற்பது, 'இவ்வளவு பலமாகத் தாவினால்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.' இரண்டு, வீட்டில் ஒரே ஒருவர் கொஞ்சினால் போதும், எல்லோருடைய உழைப்பும் வீண். எப்போதாவது கிடைக்கும் பரிசு எப்போதும் கிடைக்கும் பரிசைவிடப் பழக்கத்தை ஆழமாக வேரூன்றச் செய்யும் என்பது உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் காலத்திலிருந்தே நிறுவப்பட்ட உண்மை. "எனக்குப் பரவாயில்லை, எனக்கு நாய் பிடிக்கும்" என்று குனிந்து கட்டிக்கொள்ளும் அன்பான விருந்தாளிதான் இந்த வழியின் முதல் எதிரி.

வலித்ததும் குட்டியைப் போல "ஐயோ" என்று கூவுங்கள் என்பார்கள். சில குட்டிகள் திகைத்து நிறுத்தும். சில குட்டிகளுக்கு அந்தக் கீச்சுக் குரல் சாவி கொடுத்தது போல ஆகிவிடும். இரண்டு மூன்று முறை செய்து பாருங்கள், கடி கூடினால் விட்டுவிடுங்கள்.

கணுக்காலைத் துரத்திக் கவ்வும் குட்டிக்கு இந்த வழி போதாது. ஓடும் காலைப் பிடிப்பதே அதற்கு இன்பம். உங்கள் பார்வை அதற்குத் தேவையில்லை. நீங்கள் திரும்பி நின்றால் கால்சட்டை இன்னும் வசதியாகக் கிடைக்கும். குழந்தைகளையும் இந்தப் பயிற்சிக்காக நிற்க வைக்கக் கூடாது. பற்களுக்கு எதிரே சிலைபோல நிற்பது பெரியவர்களுக்கே சிரமம்.

## வழி 3: மாற்று வேலை கொடுப்பது

நான்கு கால்களும் தரையில் இருக்கும் நாயால் தாவ முடியாது. வாயில் பொம்மையைக் கவ்விய குட்டியால் கையைக் கவ்வ முடியாது. வேண்டாத செயலோடு ஒரே நேரத்தில் நடக்க முடியாத ஒரு செயலைத் தேர்ந்தெடுத்து, அதற்கு மட்டும் பரிசு கொடுத்துப் பழக்குவதுதான் இந்த வழி.

தாவலுக்கு இப்படி. விருந்தாளியோடு தொடங்காதீர்கள். வீட்டில் அமைதியான நேரத்தில் நாயை நோக்கி இரண்டு எட்டு வையுங்கள். அது எம்புவதற்கு முன், கால்கள் தரையில் இருக்கும்போதே, ஒரு துணுக்குத் தின்பண்டத்தைத் தரையில் போடுங்கள். கையில் உயரப் பிடித்துக் கொடுக்காதீர்கள். மூக்கு எங்கே போகிறதோ உடல் அங்கே போகும். தரையில் விழுந்தால் தலை தாழும். சுண்டுவிரல் நகத்தில் பாதி அளவு போதும். சரியான செயலுக்கும் பரிசுக்கும் இடையில் ஓரிரு நொடிக்கு மேல் போகக் கூடாது. ஒரு தடவைக்கு இரண்டு மூன்று நிமிடம், நாளுக்கு நான்கைந்து தடவை. வீட்டாரிடம் நன்றாக வந்த பிறகு வெளியே போய் உள்ளே வருவது போல நடியுங்கள். பிறகு வாசல் மணியை நீங்களே அடியுங்கள். பிறகு நாய்க்குப் பழகிய ஒருவரை வரச் சொல்லுங்கள். படிகளைத் தாண்டிக் குதித்தால் கீழே விழுவோம். நேராக விருந்து நாளில் போய் முயன்றுவிட்டு "எங்கள் நாய்க்கு இது சரிவராது" என்று கைவிட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பொய்க்கடிக்கு, கைக்கெட்டும் இடத்தில் எல்லாம் நீளமான பொம்மையோ முறுக்கிய துணியோ இருக்க வேண்டும். குட்டி உங்களை நோக்கி வாயைத் திறந்து வரும்போதே அதை அசைத்துக் காட்டுங்கள். பல் பட்ட பிறகு பொம்மையை எடுத்துவரப் போகாதீர்கள். 'கடித்தால் பொம்மை வரும்' என்ற கணக்கைக் கற்றுவிடும். பட்டுவிட்டால் வழி 2-க்குப் போங்கள்: ஆட்டம் முடிந்தது, அரை நிமிடம் விலகல், பிறகு பொம்மையோடு மறுபடி. விரல்களை ஆட்டி விளையாட்டுக் காட்டும் பழக்கத்தை மட்டும் வீட்டில் எல்லோரும் விட்டுவிட வேண்டும். பல் முளைக்கும் மாதங்களில் துணியை நனைத்து உறையவைத்துக் கொடுத்தால் ஈறுக்கு இதமாக இருக்கும். கிழித்து விழுங்காமல் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கும் மறைமுகச் செலவு உண்டு, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. மிக நுணுக்கமான பொறி இது: நாய் தாவுகிறது, நீங்கள் 'உட்கார்' என்கிறீர்கள், உட்காருகிறது, பரிசு கிடைக்கிறது. பத்து முறை இப்படி நடந்தால் அது கற்றது 'உட்கார்' அன்று; 'தாவு, பிறகு உட்கார், பிறகு தின்' என்ற முழுச் சங்கிலி. தாவல்தான் இப்போது பரிசுக்கு முதல் படி. அதனால்தான் தாவுவதற்கு முன்பே கொடுங்கள் என்கிறேன். தாவிவிட்டால், அது தானாக இறங்கிச் சில நொடிகள் நின்ற பிறகே கவனம் கொடுங்கள்.

இன்னொரு செலவு உடல் எடை. தின்பண்டம் நாளின் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது கால்நடை மருத்துவர்கள் சொல்லும் பொதுவான வரம்பு. அன்றைய உணவிலிருந்தே ஒரு கைப்பிடி எடுத்துப் பயிற்சிக்கு வைத்துக்கொண்டால் இந்தக் கவலை இல்லை. "கடைசிவரை தின்பண்டம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டுமா?" என்று கேட்பார்கள். வேண்டாம், பழக்கம் உறுதியானதும் சில முறை தின்பண்டம், சில முறை தடவல், சில முறை விளையாட்டு என்று மாற்றலாம். ஒன்றுமே கொடுக்காமல் நிறுத்திவிட்டால் மட்டும் பழைய வழி மெல்லத் திரும்பிவிடும்.

அமெரிக்கக் கால்நடை நடத்தையியல் மருத்துவர்களின் சங்கம் 2021-இல் வெளியிட்ட நிலைப்பாட்டில், ஆக்ரோஷம் உள்ள நாய்கள் உட்பட எல்லா நாய்களுக்கும் பரிசுவழிப் பயிற்சியையே பரிந்துரைத்திருக்கிறது. எனக்கு இதில் பிடித்தது வேறொன்று: தவறாகச் செய்தாலும் பெரிய சேதம் இல்லை. நேரம் வீணாகும், நாய் சற்றுக் குண்டாகும். பயந்து போகாது.

## வழி 4: வாய்ப்பைத் தடுப்பது

விருந்தாளி வரும்போது கயிற்றில் பிடித்துக்கொள்வது, அறைக்குக் குறுக்கே தடுப்புக் கதவு போடுவது, மெல்லுவதற்கு ஏதாவது கொடுத்துத் தனி இடத்தில் விடுவது. இதில் நாய் எதையும் கற்பதில்லை. ஆனால் முதல் நிமிடத்திலிருந்தே பலன் உண்டு, ஒவ்வொரு வெற்றிகரமான தாவலும் பழக்கத்துக்குப் போடும் உரம் நின்றுபோகிறது. வேகம் வேண்டும் என்று அடிக்கப் போகிறவர்கள் உண்மையில் தேடுவது இதைத்தான்.

கயிற்றின் மேல் காலை வைத்து நிற்பது எளிய உத்தி. நாய் வசதியாக நிற்கவும் உட்காரவும் கயிறு தளர்வாக இருக்க வேண்டும். எம்பினால் மட்டும் தடுக்க வேண்டும். கழுத்துப்பட்டையைவிட மார்புப்பட்டை நல்லது. எப்போதும் அடைத்தே வைத்தால் ஆற்றல் தேங்கி, விட்டவுடன் இரட்டிப்பாகப் பாயும். தனி இடத்தைத் தண்டனையாகவும் ஆக்கக் கூடாது. அங்கே தூங்கவும் மெல்லவும் நல்ல நினைவுகள் இருந்தால்தான் அசதிக்கடி நேரத்தில் அதுவே தஞ்சமாகும்.

## வழி 5: பயிற்சியாளரிடம் போவது

இதில் மூன்று வகை. மூன்றையும் ஒன்றாகப் பேசுவதால்தான் குழப்பம்.

குட்டிகளுக்கான குழு வகுப்பு பொய்க்கடிக்கு மிக நல்லது. மற்ற குட்டிகளோடு விளையாடி, விட்டுப்போன 'அளவு' பாடத்தை அங்கே முடித்துக்கொள்ளும். கால்நடை மருத்துவரான இயன் டன்பார் 1980-களில் கயிறு கட்டாமல் குட்டிகளை விளையாடவிட்டுக் கற்பிக்கும் வகுப்புகளைத் தொடங்கிப் பரவலாக்கினார். முதல் தவணைத் தடுப்பூசியும் குடற்புழு மருந்தும் கொடுத்துக் குறைந்தது 7 நாள் ஆகியிருந்தால் 7, 8 வாரத்திலேயே சேர்க்கலாம் என்பது மேலே சொன்ன அதே சங்கத்தின் பரிந்துரை. தரை சுத்தமாக இருக்கிறதா, மற்ற குட்டிகளுக்கும் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று கேளுங்கள்.

வீட்டுக்கு வருபவர் தாவலுக்கு ஏற்றவர். சிக்கல் நடப்பது உங்கள் வாசலில். அவர் பார்க்க வேண்டியது அந்த வாசலை. நல்லவர் நாயைவிட உங்களுக்குத்தான் அதிகம் சொல்லிக் கொடுப்பார்.

விட்டுவிட்டு எடுப்பது, அதாவது நாயைச் சில வாரம் அவரிடமே ஒப்படைப்பது, வேலை நெருக்கடியில் இருப்பவர்களை மிகவும் ஈர்க்கும். எனக்கு இதில் தயக்கம் உண்டு. நாய் கற்பது இடத்தோடும் ஆளோடும் ஒட்டிக்கொள்ளும். பயிற்சியாளர் முன் அமைதியாக உட்காரும் நாய், உங்கள் வீட்டு வாசலில் பழைய ஆட்கள் முன் பழைய வேலையையே காட்டும். அதைவிடப் பெரிய செலவு, அந்த வாரங்களில் என்ன நடந்தது என்பதை நாயால் உங்களிடம் சொல்ல முடியாது. போயே ஆக வேண்டும் என்றால், முன்னறிவிப்பின்றி வந்து பார்க்க அனுமதிக்கும் இடமாகப் பாருங்கள்.

பல நாடுகளில் உரிமம் எதுவும் இல்லாமலே யாரும் பயிற்சியாளர் ஆகலாம். ஆகவே இரண்டே கேள்வி கேளுங்கள். நாய் சரியாகச் செய்தால் என்ன கிடைக்கும்? தவறு செய்தால் என்ன நடக்கும்? இரண்டாவது கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | பலன் தெரிய | மறைமுகச் செலவு | தவறினால் | எப்போது ஏற்றது |
|---|---|---|---|---|
| அதட்டல், அடி | உடனே, தற்காலிகமாக | பயம், நம்பிக்கை இழப்பு | எச்சரிக்கை இல்லாத கடி | எப்போதும் இல்லை |
| கண்டுகொள்ளாமை | ஓரிரு வாரம் | முதலில் கூடும், எல்லோரும் ஒத்துழைக்க வேண்டும் | பழக்கம் இன்னும் இறுகும் | கவனத்துக்காகத் தாவும் நாய், பொய்க்கடி |
| மாற்று வேலை | சில வாரம் | தினசரி நேரம், உணவுக் கணக்கு | தாவல் சங்கிலியில் ஒட்டிக்கொள்ளும் | பெரும்பாலான வீடுகள் |
| தடுப்பு | உடனே | நாய் எதையும் கற்காது | ஆற்றல் தேங்கும் | மற்ற வழிகளுக்குத் துணையாக |
| பயிற்சியாளர் | ஆளைப் பொறுத்து | பணம். தவறான ஆளிடம் சிக்குவது | வழி 1-இன் சேதம் எல்லாம் | பெரிய நாய், பயம், குழப்பமான வீடு |

## அப்படியானால் உங்கள் வீட்டுக்கு?

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டி, பொய்க்கடி மட்டும் என்றால் வழி 3, துணைக்கு 2. தூக்கத்தைச் சரிசெய்தாலே பாதி குறையும்.

வீட்டில் சிறு குழந்தைகளோ தடுமாறி நடக்கும் பெரியவர்களோ இருந்தால் வழி 4-ஐ இன்றே தொடங்குங்கள். பாய்ச்சலில் ஒரு முதியவர் விழுந்து இடுப்பெலும்பு முறிவதற்குப் 'பயிற்சி நடந்துகொண்டிருக்கிறது' என்பது சமாதானம் ஆகாது. குழந்தையையும் நாயையும் தனியே விடாதீர்கள். எதிர்பாராமல் நாய் பாய்ந்தால், பெரியவர் வரும்வரை ஓடாமல், கைகளை மடக்கி மரம்போல நிற்கக் குழந்தைக்கு விளையாட்டாகச் சொல்லிக்கொடுங்கள். ஆனால் காக்கும் பொறுப்பு பக்கத்தில் இருக்கும் பெரியவருடையது.

ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வயதுவரை உள்ள வளரிளம் நாய் எல்லாவற்றையும் மறந்துவிட்டது போல நடந்துகொள்ளும். கைவிடாதீர்கள். நாய்கள் மிக அதிகமாகக் கைவிடப்படும் பருவம் இது என்பதை நினைத்தால் எனக்கு மனம் கனக்கும். வழி 3-ஐயும் 4-ஐயும் சேர்த்து, தினமும் மோப்பம் பிடித்து நடக்க நேரம் கொடுங்கள்.

வளர்ந்த பிறகு தத்தெடுத்த நாயென்றால் முதல் சில வாரம் வெறும் தடுப்பும் கவனிப்பும் போதும். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்ற கணக்கை நாயிடம் போடாதீர்கள். ஏழெட்டு வயது நாயும் கற்கும். பழைய பழக்கத்தின் ஆழத்துக்கேற்பக் கூடுதல் தடவைகள் தேவைப்படும், அவ்வளவுதான்.

வலியோ பயமோ காவலோ காரணம் என்று தோன்றினால், முதலில் கால்நடை மருத்துவர். பிறகு அவர் சொல்லும் நடத்தை நிபுணர். டன்பார் வகுத்த ஆறுநிலைக் கடி அளவுகோலில், முதல் நிலையில் பல் தோலில் படாது. இரண்டாவதில் படும், துளைக்காது. மூன்றாவதிலிருந்து துளை விழும். பயத்திலோ கோபத்திலோ வந்த கடி தோலைத் துளைத்துவிட்டால், வீட்டு வைத்தியத்தின் எல்லை அங்கே முடிந்தது. யாருடைய நாயாக இருந்தாலும் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். வெறிநோய்க்கு அறிகுறி வந்தபின் மருந்து இல்லை.

எந்த வழியை எடுத்தாலும் ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளில் எத்தனை முறை தாவியது, எத்தனை முறை பல் பட்டது, மணி என்ன, பக்கத்தில் யார் இருந்தார்கள். நம் நினைவு கோபத்தின் பக்கம் சாயும், எண்கள் சாயாது. மணியின் நோட்டில் இரண்டாம் வாரம் பார்த்தபோது, தாவல்களில் பெரும்பகுதி நான் வீடு திரும்பிய முதல் மூன்று நிமிடத்தில்தான் இருந்தது. அந்த மூன்று நிமிடத்துக்கு மட்டும் கதவுக்கு வெளியே ஒரு டப்பாவில் அவனுடைய தீனியை வைத்தேன். உள்ளே நுழைந்ததும் ஒரு கைப்பிடி எடுத்துத் தரையில் தூவினேன். அவன் மூக்கால் தேடித் தின்று முடிப்பதற்குள் நான் செருப்பைக் கழற்றி, பையை வைத்து, அவன் உயரத்துக்குத் தரையில் உட்கார்ந்துவிடுவேன்.